கூலியும் காணியும்: மலையகத்திலிருந்து மார்க்சை வாசிப்பது

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, ஹற்றனில் ஞாயிறு பின்னேரங்களில் நாங்கள் நடத்தும் வாசிப்பு வட்டத்துக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மாஸ்டர், எல்லாரும் செங்கொடிதானே பிடிக்கிறாங்க? பிறகு எதுக்கு இவர் ட்ரொட்ஸ்கி ஆளு, அவர் மாவோ ஆளுன்னு பிரிச்சுப் பேசுறீங்க?" கேட்பவர்களில் சிலர் உயர்தரம் படிப்பவர்கள். சிலர் கொழும்பில் கடைகளில் வேலை செய்துவிட்டு லீவுக்கு வந்திருப்பவர்கள்.

பெயர்களை வரிசையாகச் சொல்லி, ஆளுக்கு இரண்டு வரி விளக்கம் கொடுத்து அனுப்பிவிடலாம். அப்படிச் சொன்னால் பெயர் மட்டும்தான் மனதில் நிற்கும். மார்க்சியத்துக்குள் இருக்கும் போக்குகள் எல்லாமே சில அடிப்படைக் கேள்விகளுக்குக் கிடைத்த வெவ்வேறு பதில்கள். அவற்றில் ஒரு கேள்வி, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான நம் லயத்து வாசலிலேயே நிற்கிறது. தோட்டத் தொழிலாளி யார்? கூலிக்கு உழைப்பை விற்கும் பாட்டாளியா, கடனில் கட்டிப்போடப்பட்ட அடிமையா, காணியில்லாத குடியானவரா, ஒரு தேசிய இனமா? எந்தப் பதிலைச் சொல்கிறோமோ அதற்கேற்பக் கோரிக்கை மாறும். சம்பளம் கேட்பதா, காணி கேட்பதா, வாக்கு கேட்பதா என்பது அங்கேதான் முடிவாகிறது. கடந்த எண்பது, தொண்ணூறு வருஷங்களில் இடதுசாரிகள் சொன்ன பதில்கள் நம் தாத்தா பாட்டிமாரின் வாழ்க்கையைத் தொட்டிருக்கின்றன. சில இடங்களில் தூக்கி நிறுத்தின, சில இடங்களில் கைவிட்டன.

மார்க்சின் 'மூலதனம்' நூலைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் முதல் அத்தியாயத்தில், பண்டம் பற்றிய பகுதியிலேயே மூச்சு வாங்கிப்போய் நிறுத்திவிடுகிறார்கள். அதனால் நான் பிள்ளைகளுக்கு முதல் பாகத்தின் கடைசி அத்தியாயத்தை முதலில் கொடுக்கிறேன். அது குடியேற்ற நாடுகளைப் பற்றியது. அதில் பீல் என்றொரு ஆங்கிலேயச் சீமான் வருகிறார். 50,000 பவுண் பெறுமதியான உணவுப்பொருளும் கருவிகளும், கூடவே ஆண், பெண், பிள்ளைகள் என்று 3,000 தொழிலாளர்களையும் கப்பலேற்றிக்கொண்டு மேற்கு அவுஸ்திரேலியாவின் ஸ்வான் ஆற்றங்கரைக்குப் போகிறார். போய் இறங்கியதும் அத்தனை பேரும் அவரை விட்டுப் போய்விடுகிறார்கள். படுக்கையை விரித்துப்போடவோ ஆற்றில் தண்ணீர் மொண்டு வரவோ ஓர் ஆள் மிஞ்சவில்லை. சுற்றிலும் சும்மா கிடந்த நிலம்தான் காரணம். உழுது பிழைக்க நிலம் இருக்கிறவன் எதற்கு இன்னொருவனிடம் கைகட்டி நிற்க வேண்டும்?

காசும் கருவியும் இருந்துவிட்டால் அவை மூலதனமாகிவிடாது. உழைப்பை விற்றால்தான் அடுப்பெரியும் என்ற நிலைக்குத் தள்ளப்பட்ட மனிதர்கள் இருக்க வேண்டும். மூலதனம் என்பது மனிதர்களுக்கு இடையிலான ஓர் உறவு என்று மார்க்ஸ் சொல்வதன் பொருள் இதுதான். அந்த நிலைக்கு மனிதர்கள் தள்ளப்பட்ட வரலாற்றைத்தான் அவர் ஆதித் திரட்டல் என்கிறார். இங்கிலாந்தில் பொதுநிலங்களுக்கு வேலி போட்டு, குடியானவர்களை விரட்டி, அலைந்து திரிந்தவர்களைச் சட்டம் போட்டு அடித்து, ஆலை வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்த கதை.

கண்டிச் சீமையில் கோப்பி போட வந்த துரைமாருக்கும் பீலுக்கு வந்த அதே சிக்கல் வந்தது. சிங்களக் குடியானவருக்கு வயல் இருந்தது, காடு வெட்டிப் பயிரிடும் சேனை இருந்தது. காடு வெட்டும் ஒப்பந்த வேலைக்கு வந்தார்கள். ஆனால் தோட்டத்திலேயே தங்கி, வருஷம் முழுக்க நாட்கூலிக்கு மாரடிக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் காட்டையும் தரிசையும், உறுதி காட்டி உரிமையை நிறுவ முடியாத இடங்களில், முடிக்குச் சொந்தமாக்கியது. காணி கிடைத்துவிட்டது. ஆட்களைத் திருச்சி, மதுரை, சேலம், தஞ்சாவூர் பக்கமிருந்து கொண்டுவந்தார்கள். மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, நடையிலேயே செத்தவர்கள் போக மிஞ்சியவர்களின் வாரிசுகள் நாங்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் காணியைப் பறிகொடுத்தவரும் கூலிக்காரராக மாறியவரும் ஒரே ஆள். மலைநாட்டில் அது இரண்டு ஆளாகப் பிளந்துவிட்டது. மலைச்சரிவை இழந்தது ஒரு சனம். அந்தச் சரிவில் உழைக்கக் கொண்டுவரப்பட்டது வேறொரு சனம், வேறொரு மொழி. பறித்தவன் லண்டனில் இருந்தான். பறிகொடுத்தவரின் கண்ணுக்குத் தினமும் தெரிந்தது கூடையோடு மலையேறுகிற தமிழ்ப் பெண்தான். நம் அரசியலின் அநேக முடிச்சுகள் இந்தப் பிளவிலிருந்து வருகின்றன என்று நான் உறுதியாக நம்புகிறேன். இலங்கையில் இடதுசாரிகள் இடறி விழுந்த இடங்களைத் தொட்டுப் பார்த்தால் பெரும்பாலும் இதே இடமாகத்தான் இருக்கும்.

மூலதனத்தின் முதல் பாகம் ஹம்பர்க்கில் வெளிவந்தது 1867 இல். அதே 1867 இல்தான் கண்டி மாவட்டத்தின் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை வைத்தார். இரண்டு வருஷம் கழித்து, 1869 இல், கோப்பிக்கு இலைத்துரு நோய் வந்தது. பிறகு மலைநாடு முழுக்கத் தேயிலை.

இனிக் கூலி. என் சித்தி ஆயுளில் பெரும்பகுதியைக் கொழுந்து மலையில் கழித்தவர். ஒருநாள் பின்னேரம் கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்து வந்தவரிடம், "இன்னைக்கு எத்தன கிலோ சித்தி?" என்று கேட்டேன். "இருபத்தொண்ணு நிறுத்துச்சு ராசா. எழுதினது பதினெட்டு." பைக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு இரண்டு கிலோ கழிவு. மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் ஈரத்துக்குக் கழிவு உண்டு. தராசுக்கு முன்னால் நின்று ஏன் என்று கேட்கலாம். கேட்டவருக்கு மறுநாள் கொழுந்தில்லாத நிரை விழும். சித்தி அந்தப் பதினெட்டையும் குறையாகச் சொல்லவில்லை, ஏனென்றால் பதினெட்டு வந்துவிட்டால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், பாதி நாள் சம்பளம்தான்.

மார்க்ஸ் துண்டுக்கூலி பற்றி ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறார். எண்ணிக்கைக்கு, நிறைக்குக் கூலி கொடுக்கும்போது மேற்பார்வையின் பெரும்பகுதியைக் கூலி முறையே செய்துவிடும் என்கிறார். தொழிலாளி தன்னைத்தானே விரட்டிக்கொள்வார். பக்கத்து நிரைக்காரியோடு போட்டி போடுவார். தரம் குறைவு என்று சொல்லிக் கழிப்பதற்கும் அங்கே வழி திறக்கும். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவே ஒரு இடையாள் நுழைந்து, உழைப்பவரின் கூலியிலேயே தன் பங்கை எடுப்பதற்கும் இந்த முறை இடம் கொடுக்கிறது. ஆட்களைத் திரட்டிக் கொண்டுவந்த பெரிய கங்காணி தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்கிய வரலாறு தெரிந்தவர்களுக்கு அந்தப் பக்கங்களை வாசிக்க உரைநூல் தேவைப்படாது.

உபரி மதிப்பை, அதாவது தொழிலாளி உண்டாக்கிய மதிப்பில் கூலி போக முதலாளி கையில் மிஞ்சுவதை, பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலைத்தூளாகும். 18 கிலோ என்றால் 4 கிலோ தூள். 2024 இல் கொழும்பு ஏலத்தில் ஒரு கிலோ சராசரியாக ஆயிரம் ரூபாயைத் தாண்டித்தான் போனது. ஆக 4,000 ரூபாய்க்கு மேல். அந்த வருஷம் செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயானது. மிச்சம் முழுவதும் உபரி மதிப்பா? இல்லை. பசளை, விறகு, மின்சாரம், இயந்திரத் தேய்மானம் எல்லாம் அதில் போகும். அவற்றை மார்க்ஸ் மாறா மூலதனம் என்பார். தங்கள் மதிப்பைத் தேயிலைக்கு மாற்றிவிடும், புதிதாக எதையும் கூட்டாது. ஃபெக்டரியில் வாட்டி, அரைத்து, காய வைப்பவர்களின் உழைப்பும் அந்த விலைக்குள் இருக்கிறது. இவற்றையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதைத்தான் உபரி என்று சொல்ல வேண்டும். மேடையில் "எல்லாத்தையும் கம்பனிக்காரன் தின்கிறான்" என்று முழங்கினால் கைதட்டல் கிடைக்கும். கம்பனிக்காரர் கணக்குப் புத்தகத்தோடு வந்து உட்காரும்போது நமக்கும் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

அந்தக் கணக்கில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. உழைப்புச் சக்தியின் மதிப்பு என்பது தொழிலாளியும் குடும்பமும் உயிர்வாழத் தேவையானவற்றின் மதிப்பு. ஆனால் "தேவை" எவ்வளவு என்பதை வயிறு மட்டும் தீர்மானிப்பதில்லை, அதில் வரலாறும் அறமும் கலந்திருக்கிறது என்று மார்க்ஸ் தெளிவாக எழுதுகிறார். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா ஒரு குடும்பத்துக்குப் போதும் என்று முடிவு செய்தது யார்? ஆறேழு பேர் அதற்குள் படுத்தெழும்பலாம், இஸ்தோப்பில் சமைக்கலாம் என்று எந்த அறம் சொன்னது? தொழிலாளியின் கடனைச் சீட்டில் எழுதி அவரைக் கட்டிப்போட்ட துண்டு முறையும், வேலையை விட்டுப் போவதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கிய 1865 ஆம் ஆண்டுச் சட்டமும், பிறகு பறிபோன வாக்கும் சேர்ந்துதான் நம் உழைப்பின் விலையை அந்த அளவுக்கு இறக்கின. துண்டுச் சீட்டில் எழுதிய கடனைப் புதுத் தோட்டம் கட்டினால்தான் ஆள் மாறலாம் என்ற அந்த முறை 1921 இல்தான் ஒழிந்தது. சம்பளப் பேச்சுவார்த்தையில் ரூபாய் சதத்தை மட்டும் பேசுகிறவர்கள் இந்த வரலாற்றை மேசைக்குக் கொண்டுவருவதே இல்லை.

வெளிநாட்டுக் கடையில் சிங்க முத்திரையோடு நிற்கும் தேயிலைப் பெட்டியில் இவை எதுவும் தெரியாது. பண்டங்களுக்கு இடையிலான உறவு மனித உறவுகளை மறைத்துவிடும் என்று முதல் அத்தியாயத்தில் சொல்வதை, இந்த இடத்துக்கு வந்த பிறகு வாசித்தால் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடுகிறது.

மார்க்ஸ் இறந்தபின் கிளைத்த போக்குகளில், தோட்டம் உருவான விதத்தை நேராகத் தொடுகிறவர்கள் லெனினும் ரோசா லக்சம்பேர்க்கும். லெனின் 1916 இல் எழுதிய ஏகாதிபத்தியம் பற்றிய நூல் மூலதன ஏற்றுமதியையும் நிதி மூலதனத்தையும் பேசுகிறது. ரோசா 1913 இலேயே, மூலதனம் தன்னைப் பெருக்கிக்கொள்ளத் தனக்கு வெளியே உள்ள, இன்னும் மூலதனத்துக்குள் வராத சமூகங்களை எப்போதும் தின்றுகொண்டிருக்க வேண்டும் என்றார். ஆதித் திரட்டல் ஒருகாலத்தில் நடந்து முடிந்த சங்கதி அல்ல, நாள்தோறும் நடப்பது என்பது அதன் சாரம். அவருடைய பொருளாதாரச் சமன்பாடுகளைப் பலர் மறுத்திருக்கிறார்கள். ஆனாலும் கண்டிக் காட்டையும் தஞ்சாவூர்ப் பண்ணையாளையும் ஒரே வாக்கியத்தில் வைத்துப் பேசக் கூடிய பார்வை அவரிடம்தான் இருக்கிறது.

இலங்கையில் மார்க்சியம் கட்சியாக வந்தது 1935 டிசெம்பரில், லங்கா சமசமாஜக் கட்சியாக. உலகத்தில் வெகுசன பலம் பெற்ற ட்ரொட்ஸ்கியக் கட்சிகள் மிகச் சில. அவற்றில் ஒன்று இந்தச் சின்னத் தீவில் இருந்தது. மடுல்கலையில் தோட்டத் தொழில் பழக வந்த அவுஸ்திரேலிய இளைஞர் பிரேஸ்கேர்டில் தொழிலாளர் பக்கம் நின்றதற்காக 1937 இல் நாடு கடத்தப்பட இருந்தபோது, கட்சி அவரை ஒளித்து வைத்து, நீதிமன்றம் போய் வென்றது. ஒரு வெள்ளைக்காரர் மேடையேறித் துரைமாரைத் தாக்கிப் பேசியதை எங்கள் பெரியவர்கள் கதையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 1940 ஜனவரியில் முல்லோயா தோட்ட வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டு கோவிந்தன் விழுந்தார். மலையகத் தொழிலாளர் போராட்டத்தின் முதல் தியாகி என்று இன்றும் அவரை நினைவுகூர்கிறோம். அந்தப் போராட்டத்தோடு நின்றதும் சமசமாஜிகளே.

அதே 1940 இல் கட்சி உடைந்தது. ஸ்டாலின் பக்கம் நின்றவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் 1943 இல் கொம்யூனிஸ்ட் கட்சியானார்கள். தகராறு மொஸ்கோவைப் பற்றியது போலத் தெரியும். அடியில் இருந்தது நம்மைத் தொடும் விஷயம். பின்தங்கிய நாட்டில் முதலில் தேசிய முதலாளிகளோடு சேர்ந்து ஜனநாயகப் புரட்சி, பிறகு ஒரு கட்டத்தில் சோசலிசம் என்று படிப்படியாகப் போக வேண்டும் என்றது ஸ்டாலினியப் போக்கு. அந்த முதலாளி வர்க்கம் ஏகாதிபத்தியத்தோடும் நிலப்பிரபுக்களோடும் பின்னிக் கிடக்கிறது, ஜனநாயகக் கடமைகளைக் கூட அது முடிக்காது, பாட்டாளிதான் முன்னுக்கு வந்து இரண்டையும் ஒரே ஓட்டத்தில் செய்ய வேண்டும் என்றது ட்ரொட்ஸ்கியின் நிரந்தரப் புரட்சி. (1881 இல் ரஷ்யாவின் வேரா சசூலிச்சுக்கு எழுதிய பதிலில், மேற்கு ஐரோப்பா போன பாதை எல்லா நாட்டுக்கும் விதியல்ல என்று மார்க்சே சொல்லியிருக்கிறார். படிக்கட்டு வாதம் பேசுகிறவர்கள் அந்தக் கடிதத்தை ஒருமுறை வாசிக்க வேண்டும்.)

சுதந்திர இலங்கையின் முதலாளி வர்க்கம் 1948 இல் என்ன செய்தது? அந்த வருஷத்து 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து நம் சனத்தின் குடியுரிமையைப் பறித்தது. அடுத்த வருஷம் தேர்தல் சட்டத் திருத்தத்தில் வாக்கும் போனது. 1947 தேர்தலில் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றிருந்தது. வேறு பல தொகுதிகளில் தோட்டத்து வாக்குகள் இடதுசாரிகளுக்கு விழுந்திருந்தன. ஆகவே அது ஓர் இனத்தின் மீதும் ஒரு வர்க்கத்தின் மீதும் ஒரே கல்லில் விழுந்த அடி. பாராளுமன்றத்தில் அந்தச் சட்டத்தை எதிர்த்து சமசமாஜிகளும் கொம்யூனிஸ்டுகளும் வாக்களித்தார்கள். முதலாளி வர்க்கம் ஜனநாயகத்தை முடித்து வைக்காது என்ற ட்ரொட்ஸ்கியின் வாதத்துக்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

அதனால்தான் 1964 வலிக்கிறது. அந்த வருஷம் ஜூனில் சமசமாஜக் கட்சி பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கத்தில் சேர்ந்தது. ட்ரொட்ஸ்கியவாதிகளின் உலக அமைப்பான நான்காம் அகிலம் அதை வெளியேற்றியது. ஒக்டோபர் 30 ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. குடியுரிமை இல்லாத 975,000 மனிதர்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று இரண்டு நாடுகளும் பங்கு பிரித்துக்கொண்டன. அந்த நேரத்தில் நிதியமைச்சர் சமசமாஜத் தலைவர் என். எம். பெரேரா. நம் வாக்குக்காக 1948 இல் எழுந்து நின்றவர்கள் இருந்த அமைச்சரவை அது. தோட்டத் தொழிலாளிக்கு வாக்கு இல்லை என்றானபின், வாக்குத் தேடும் கட்சிக்கு அவர் பாரமாகிவிடுகிறார். நாற்காலி ஆசை என்று ஒரு வார்த்தையில் சொல்லிக் கடந்துபோகாமல், வாக்குரிமைப் பறிப்பு ஒரு இடதுசாரிக் கட்சியின் உள்ளே எப்படி வேலை செய்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

அந்தக் காலத்தில்தான் கொம்யூனிஸ்ட் கட்சியும் மொஸ்கோ, பீக்கிங் என்று பிளந்தது. பீக்கிங் பக்கம் என். சண்முகதாசன். தோட்டங்களில் செங்கொடிச் சங்கம் சூடாக இயங்கிய காலம் அது. 1966 இல் தொடங்கி யாழ்ப்பாணத்தில் கோயில் பிரவேசத்துக்கும் தேநீர்க்கடைப் பிரவேசத்துக்கும் சாதி எதிர்ப்புப் போராட்டம் நடத்தியதும் இந்தப் பிரிவுதான். சாதியைப் பொருளாதாரம் தானாகத் தீர்த்துவிடும் என்று காத்திருக்காததற்காக அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் மாவோவின் பாதைக்கு அச்சாணி காணிப் பசி கொண்ட விவசாயி. மலைநாட்டில் விவசாயி சிங்களக் கிராமத்தில் இருந்தார், தொழிலாளி தமிழ் லயத்தில் இருந்தார். இருவரையும் சேர்க்கும் தொழிலாளர்–விவசாயிகள் கூட்டு என்பது காகிதத்தில் ஒரு வரி. மலையில் அது மேலே நான் சொன்ன அந்தப் பிளவின் மீது கட்ட வேண்டிய பாலம். அது கட்டப்படவில்லை. சண்முகதாசனின் கட்சியிலிருந்து விலகிப் போன ரோகண விஜேவீர தொடங்கிய ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி), இளைஞர்களுக்கு நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்றை "இந்திய விஸ்தரிப்புவாதம்" என்று வைத்து, தோட்டத் தொழிலாளியை அதன் கருவியாகக் காட்டியது. காணியைப் பறித்தவனை விட்டுவிட்டு, அந்தக் காணியில் உழைத்தவரை அந்நியராக்கிய மார்க்சியம் அது.

1972 இல் காணிச் சீர்திருத்தம், 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமை. செங்கொடிக்காரர்கள் கனவு கண்ட காரியம். ஆனால் அதே எழுபதுகளின் நடுப்பகுதியில் தோட்டங்களில் பட்டினிச் சாவு நடந்தது. 1977 மே மாதம், தோட்டக் காணியைப் பிரித்து வெளியாருக்குக் கொடுப்பதை எதிர்த்து நின்ற தொழிலாளர் மீது டெவன் தோட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து சிவனு லெட்சுமணன் உயிரிழந்தார். சட்டப்படி உடைமை யாருடையது என்பதும் உற்பத்தி உறவு எப்படி இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. சோவியத் யூனியன் சீரழிந்த தொழிலாளர் அரசா, அரச முதலாளித்துவமா என்று ட்ரொட்ஸ்கியவாதிகள் தங்களுக்குள் மண்டையை உடைத்துக்கொண்ட அந்த விவாதம் பிள்ளைகளுக்கு அந்நியமாகத் தோன்றும்போது, நான் அரசுடைமைக் காலத் தோட்டத்தைத்தான் காட்டுவேன். பெயர்ப்பலகை மாறியது. காலையில் ஆள் கூப்பிடும் பெரட்டும், வேலைப்பேர் பதியும் செக்ரோலும், துரை பங்களாவும் இருந்தபடியே இருந்தன. 1992 இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளிடம் போனபோது தடுத்து நிற்க அங்கே எந்த நிறுவனமும் இருக்கவில்லை, ஏனென்றால் தொழிலாளிக்கு அந்த அரசுடைமையில் குரலே கொடுக்கப்பட்டிருக்கவில்லை.

இத்தனைக்கும் பிறகு ஏன் பெரும்பான்மைத் தோட்டத் தொழிலாளர் இடதுசாரிச் சங்கங்களில் இல்லை? இங்கே இத்தாலிய மார்க்சியர் கிராம்சி உதவுகிறார். முசோலினியின் சிறையிலிருந்து அவர் எழுதிய குறிப்புகளில், ஆளும் வர்க்கம் அடியை மட்டும் நம்பி ஆள்வதில்லை, சம்மதத்தையும் சம்பாதிக்கிறது என்கிறார். நம்மிடம் அந்தச் சம்மதம் ஒரு மனிதராக, கங்காணியாக வந்தது. கடன் கொடுத்தவரும் அவர், கலியாணத்துக்கு முன்நின்றவரும் அவர், கோயில் திருவிழாவில் முதல் மரியாதை பெற்றவரும் அவர். கங்காணி போன இடத்தில் சங்கத் தலைவர் வந்து உட்கார்ந்தபோது அந்தப் பழைய உறவின் வடிவம் அழியாமல் இருந்தது. துரையிடம் போய்ப் பேசத் தெரிந்தவர், பொலிஸில் இருந்து பையனை எடுத்துத் தருபவர். சந்தா சம்பளத்திலேயே பிடிபட்டுப் போய்விடும். இதைத் தொழிலாளரின் அறியாமை என்று ஏசுகிற தோழர்களோடு நான் சண்டை பிடித்திருக்கிறேன். குடியுரிமை இல்லாத மனிதருக்கு அரச அலுவலகத்தில் ஒரு கடுதாசி எடுத்துத் தரும் ஆள் தேவைப்பட்டார். அந்தத் தேவையை மதிக்காமல் வர்க்க உணர்வைப் பற்றிப் பேசுவது வீண்.

பிரெஞ்சு விவசாயிகள் ஒரே சாக்கில் கிடக்கும் உருளைக்கிழங்குகளைப் போலப் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் ஒரு வர்க்கமாகச் சேரவில்லை என்று மார்க்ஸ் 1852 இல் எழுதினார். ஆலைத் தொழிலாளி அப்படியல்ல, ஒரே கூரையின் கீழ் வேலை செய்வதால் ஒன்றுபடுவார் என்பது அவர் எதிர்பார்ப்பு. லயத்தில் நாங்கள் சுவருக்குச் சுவர் ஒட்டித்தான் இருந்தோம். ஆனால் தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவே துரையின் அனுமதி நின்றது. வெளியிலிருந்து ஒரு சங்கக்காரர் உள்ளே நுழைந்தால் அத்துமீறல் வழக்கு. உள்ளே நெருக்கம், வெளியே துண்டிப்பு. மார்க்சின் இரண்டு உதாரணங்களுக்கும் நடுவில் ஓர் இடம் இது.

பிரெஞ்சு மார்க்சியர் அல்தூசரை நான் அதிகம் கொடுப்பதில்லை. 1970 கட்டுரையில், தெருவில் பொலிஸ்காரர் "ஏய்" என்றதும் திரும்பிப் பார்ப்பவர் அந்தக் கணத்திலேயே சட்டத்துக்கு உட்பட்ட ஆளாகிறார் என்று சொல்கிற இடம் மட்டும் போதும். விடியற்காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டு மலை பிரித்துக் கொடுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மேலே சொல்ல என்ன இருக்கிறது?

பெண்ணியவாதிகள் மார்க்சியத்துக்குக் கொண்டுவந்த கேள்விக்குத்தான் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும். தொழிலாளி பண்டத்தை உற்பத்தி செய்கிறார் சரி, தொழிலாளியை உற்பத்தி செய்வது யார்? 1972 இல் மரியரோசா டல்லா கோஸ்டாவும் செல்மா ஜேம்சும் வீட்டு வேலையை மூலதனத்தின் கணக்குக்குள் இழுத்து வைத்தார்கள். அதிலிருந்து சமூக மறுஉற்பத்தி என்ற கோட்பாடு வளர்ந்தது. சித்தி நாலரைக்கு எழும்பி, தண்ணீர் பிடித்து, ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டுத்தான் மலைக்குப் போவார். பின்னேரம் நிறுவை முடிந்து வரும்போது தலையில் விறகுக்கட்டு இருக்கும். அந்த விறகுக்கும் ரொட்டிக்கும் செக்ரோலில் இடமில்லை. அவை இல்லாமல் மறுநாள் பெரட்டுக்கு ஒருவரும் வர முடியாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் வந்ததே 1984 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு. கொழுந்து பறிப்பது பெண்கள், நிறுப்பதும் எழுதுவதும் சங்கத்தில் தலைமை தாங்குவதும் ஆண்கள் என்ற ஏற்பாடு இன்னும் பல இடங்களில் அசையவில்லை. குமாரி ஜயவர்தனவும் ரேச்சல் குரியனும் 2015 இல் வெளியிட்ட ஆய்வில் வர்க்கம், ஆணாதிக்கம், இனம் மூன்றையும் பிரிக்காமல் பார்த்திருக்கிறார்கள். தோட்டத்தைப் பற்றி எழுத வேறு வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு விவாதம், கேட்பதற்கு வறட்சியாக இருக்கும், இப்போது நமக்கு மிகவும் அவசியமானது. தோட்டம் முதலாளித்துவமா? உலகச் சந்தைக்கு உற்பத்தி செய்வதால் ஆம் என்பார் பொருளியலாளர் குந்தர் பிராங்க். உள்ளே உழைப்பு கட்டுண்டு கிடந்தால் அதை முதலாளித்துவம் என்று சொல்ல முடியாது, உற்பத்தி உறவைத்தான் பார்க்க வேண்டும் என்று 1971 இல் அரசியல் கோட்பாட்டாளர் லக்லாவ் மறுத்தார். நம் நாட்டு எஸ். பி. டி. டி சில்வா 1982 இல் எழுதிய பெரிய நூலில், தோட்டத்தை நவீனத் துறை என்று கொண்டாடுவதையே கேள்வி கேட்டார். மலிவான உழைப்பு கிடைக்கும்வரை கருவியை முன்னேற்றத் தேவையில்லாமல், தோட்டங்களை நிர்வகித்த கொழும்பு ஏஜென்சி ஹவுஸ்களின் வணிக மூலதனத்தின் பிடியில் அது தேங்கி நின்றது என்பது அவர் வாதம். சித்தி பறித்த விதமும் அவருடைய பாட்டி பறித்த விதமும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதை யோசித்தால் அந்த வாதத்தின் பலம் புரியும்.

இப்போது அவசியம் என்றேன். பல கம்பனிகள் நாட்சம்பள முறையை விட்டு அவுட்குரோவர் முறைக்குப் போகப் பார்க்கின்றன. குடும்பத்துக்கு இத்தனை தேயிலைச் செடி என்று பிரித்துக் கொடுப்பார்கள். பராமரிப்பு குடும்பத்தின் பாடு. கொழுந்தைக் கம்பனி கிலோ கணக்கில் வாங்கிக்கொள்ளும். "நீங்களே முதலாளி" என்று சொல்கிறார்கள். நாட்டின் தேயிலையில் 70 சதவீதத்துக்கு மேல் சிறுதோட்ட உடைமையாளர்களிடமிருந்து வருகிறது, ஆகவே இதுவே எதிர்காலம் என்பதும் அவர்கள் வாதம். ஆனால் தெற்கில் உள்ள சிறுதோட்டக்காரருக்குக் காணி உறுதி இருக்கிறது, கொழுந்தை எந்த ஃபெக்டரிக்கும் கொடுக்கலாம். நம்மவருக்குக் காணி இல்லை, வாங்குபவர் ஒருவரே. விலை விழுந்தால் நட்டம் குடும்பத்துக்கு, பசளைக் கடன் குடும்பத்துக்கு, ஈபிஎஃப் என்ற சேமலாப நிதி யாருக்கும் இல்லை. மூலதனம் மேற்பார்வைச் செலவையும் அபாயத்தையும் வீட்டுக்குள் தள்ளிவிட்டு, காணியைத் தன் கையில் வைத்துக்கொள்கிறது. துண்டுக்கூலி அத்தியாயம் இங்கே திருமணமாகிக் குடும்பமாகிவிட்டது என்று வட்டத்தில் ஒரு தங்கச்சி சொன்னார். பிள்ளைகளும் மாமியாரும் சேர்ந்து பறிக்கும் கொழுந்துக்கு ஒரே பேரில் காசு வருவதை அவர் வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இதை எதிர்க்க வேண்டும் என்று சொல்கிற சங்கங்கள் பழைய நாட்சம்பளத்தைக் காப்பாற்றச் சொல்கின்றன. ஏற்க வேண்டும் என்கிறவர்கள் நவீனம் என்கிறார்கள். இரண்டு பக்கமும் காணியைத் தொடுவதில்லை. வீடு கட்ட 7 பேர்ச் என்பதோடு நம் காணிக் கேள்வி முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். இடதுசாரிகளும் நம்மைச் சுத்தப் பாட்டாளிகளாகப் பார்த்ததால் கூலிக்காக உயிரைக் கொடுத்துப் போராடினார்கள், காணியைக் கேட்கச் சொல்லித் தரவில்லை. உழைப்பை விற்றால்தான் சாப்பாடு என்ற நிலை ஒரு காணிச் சட்டத்தில் தொடங்கியது என்றால், செடியோடு சேர்த்து உறுதியையும் கேட்காத எந்தக் கோரிக்கையும் பாதிக் கோரிக்கைதான். அதைக் கேட்கும்போது பக்கத்துச் சிங்களக் கிராமத்தின் காணிப் பசியையும் சேர்த்தே பேச வேண்டும். டெவனில் நடந்தது இன்னொருமுறை நடக்கக் கூடாது.

அடுத்த மாதம் வட்டத்தில் துண்டுக்கூலி அத்தியாயத்தையும், ஒரு தோட்டத்தில் குடும்பங்களிடம் கையெழுத்துக் கேட்டு நீட்டியிருக்கும் அவுட்குரோவர் ஒப்பந்தத்தையும் பக்கம் பக்கமாக வைத்து வாசிக்கப் போகிறோம். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழாக்கும் வேலையை உயர்தர மாணவிகள் இரண்டு பேர் எடுத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போட வேண்டிய பெண்களையும் அன்றைக்கு வரச் சொல்லியிருக்கிறோம், அதனால் ஞாயிறு கைக்காசு வேலை முடியும்வரை காத்திருந்து நாலு மணிக்குப் பிறகுதான் தொடங்குவோம்.